சுவருக்கு அந்தப் பக்கம்

"மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்க" என்கிறார் காது மேடம். புரோக்கர் வாயைப் பொத்திக்கொள்கிறார். வாடிக்கையாளர்கள் அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், மூச்சைப் பற்றி யாரும் கேட்டதில்லை. உடன் வேலை செய்பவர் ஒருவர் வாங்க நினைக்கும் வீட்டின் காலிக் கூடத்தின் நடுவில், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், கண்களை மூடிக்கொண்டு மேடம் நிற்கிறார். சன்னல்களைச் சாத்தியாயிற்று. ஏசியை அணைத்தாயிற்று. புரோக்கரின் சாவிக்கொத்துகூட மேடத்தின் பைக்குள் போய்விட்டது, அது அவர் கையில் கிலுகிலுவென்று பேசிக்கொண்டே இருந்ததாம்.

"மேலே யாரோ நாற்காலி இழுக்கறாங்க. லிப்டு இந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் ஓடுது. நீங்க அதைச் சொல்லலையே."

"லேசான சத்தம்தானே மேடம். பழகிடும்."

"பழகறதுக்கு வேற பேர் இருக்கு. காது கெட்டுப்போறதுன்னு பேர்."

காது பரிசோதனை நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார். வெளியே இருந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார். வலது காது முடிந்ததும் இடது காது. ஒரு காதை மட்டும் பார்த்துவிட்டு ஆளை அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. அங்கே வருகிற பெரியவர்கள் வைத்த பெயர்தான் காது மேடம். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் என்ற பேச்சுக்கு மட்டும் காது கேட்காத மேடம் என்று உடன் வேலை செய்பவர்கள் அந்தப் பெயரை நீட்டிச் சொல்வதுண்டு. அதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த நிலையத்தில் யார் அடுக்குமாடி வீடு வாங்கினாலும் மேடம் ஒரு நடை வந்து பார்த்தாக வேண்டும். டாக்டர் வாங்கியபோது வந்தார், கணக்கர் வாங்கியபோது வந்தார், டாக்டரின் மைத்துனர் வாங்கியபோதும் வந்தார். பளிங்குத் தரை, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் என்று புரோக்கர்கள் அடுக்குவதை எல்லாம் தாண்டிப் போய், ஒவ்வொரு சுவரிலும் காதை வைப்பார். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, குளியலறையில் தண்ணீரின் வேகம் எங்கே தளர்கிறது என்று பார்ப்பார். கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்கி, தூண்களின் அடியில் கையை வைத்து ஈரம் தேடுவார். அறிவிப்புப் பலகையில் குடியிருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எழுதி ஒட்டியிருக்கும் புகார்களை ஒரு வரி விடாமல் படிப்பார். அப்புறம் தெருவில் இறங்கி, மருந்துக் கடை வரைக்கும் நடப்பார். வேகமாக அல்ல, முழங்கால் வலி உள்ளவர்கள் நடக்கிற மாதிரி. "புரோக்கர் சொல்ற அஞ்சு நிமிஷம் புரோக்கரோட கால் நடக்கற அஞ்சு நிமிஷம்" என்பார்.

ஒன்று மட்டும் செய்ய மாட்டார். பார்க்கப் போன வீட்டில் உட்கார மாட்டார். நாற்காலி போடுவார்கள், குளிர்பானம் வரும். தலைகீழாக நின்றாலும் மேடம் நின்றபடிதான். "பாக்க வந்த வீட்டுல உட்காரக் கூடாதுங்க. உட்கார்ந்தா காலுக்குப் பிடிச்சுடும். காலுக்குப் பிடிச்சதை வேண்டாம்னு சொல்ல வாய் வராது."

இப்படி ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவருக்கு, போன மாதம் தனக்கே வீடு பார்க்க வேண்டி வந்தது. அம்மாவும் மகளுமாக இத்தனை வருடம் குடியிருந்த வாடகை வீட்டை, அதன் சொந்தக்காரர் இடித்துக் கட்டப் போகிறாராம். இன்னொரு வாடகை வீடு, இன்னொரு சொந்தக்காரர், இன்னொரு காலி செய்யும் பேச்சு எல்லாம் போதும் என்று மேடம் முடிவு கட்டினார். இருக்கிறதைத் துடைத்துப் போட்டு ஒரு வீடு. ஒரு தரம்தான் வாங்க முடியும். தப்பாகப் போனால் மாற்றிக்கொள்ளக் கையில் எதுவும் மிஞ்சாது. காலையில் மேடம் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் அவர் திரும்பும் வரை அந்த வீட்டில் அம்மா தனி.

அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் மக்கர். காதும் மந்தம். மகள் கொண்டுவந்து கொடுத்த காது மிஷின் மேசை இழுப்பறையில் பத்திரமாகத் தூங்குகிறது. "ஊர்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் மாட்டி விடு. எனக்கு எதுக்கு? கேட்ட வரைக்கும் போதும்" என்பது அம்மாவின் கட்சி. காது மேடத்தின் வீட்டிலேயே காது மிஷின் தோற்றுப்போன கதையைச் சொல்லி நிலையத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மேடமும் கூடச் சிரிப்பார், ஆனால் கடைசியில் சிரிப்பை நிறுத்துகிறவர் அவராக இருக்க மாட்டார். முதலிலேயே நிறுத்திவிடுவார்.

முதலில் பார்த்த வீட்டை வந்த வேகத்தில் ஒதுக்கினார். தூணில் ஈரம் இல்லை, தண்ணீர் நன்றாக வந்தது, மருந்துக் கடை அம்மாவின் நடைக்கே பக்கம். ஆனால் சுவரில் காதை வைத்தவுடன் டுகுடுகுடுகுவென்று தையல் மிஷின். பக்கத்து வீட்டில் ஒரு பெண் காலையிலிருந்து மாலை வரை தைக்கிறாளாம். "நான் நாள் முழுக்கச் சத்தத்தோட வேலை பாக்கறவ. வீட்டுலயும் வேண்டாம்" என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டாவது, புதுக் கட்டடத்தில் எட்டாவது மாடி. அதற்குள் நுழைந்து கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவே இல்லை. எந்தச் சுவரும் பேசவில்லை. மேலே காலடி இல்லை, கீழே தொலைக்காட்சி இல்லை. மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அந்தப் புரோக்கர் மட்டுமல்ல, அவரோடு வேலை பார்ப்பவர்களே கண்டதில்லை.

"இது எங்க கண்ணாடி ரூம் மாதிரியே இருக்குங்க" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவை ஒரு தரம் அழைத்து வந்தார். அம்மா சன்னலைப் பார்த்தார், சமையல் மேடையின் உயரத்தைக் கையால் அளந்தார், அப்புறம் குளியலறைக்குப் போனார். அந்த நேரத்துக்கு வண்டி நிறுத்தும் இடத்தை இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று மேடமும் புரோக்கரும் கீழே இறங்கினார்கள். தூண் தூணாகத் தொட்டுப் பார்த்து, பராமரிப்புக் கட்டணம் எதற்கெல்லாம் என்று குடைந்து கேட்டு, திரும்பி வர நேரமாகிவிட்டது.

கூடத்தில் அம்மா இல்லை. மேடம் கூப்பிட்டுப் பார்த்தார். அம்மாவுக்குக் கேட்காது என்பது தெரிந்தும் கூப்பிட்டார். பிறகு, எந்தக் காதை நம்பி ஊரே வீடு வாங்குகிறதோ அந்தக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுமே கேட்கவில்லை. படுக்கையறைக்குள் போய், குளியலறைக் கதவின் மேல் காதை வைத்த பிறகுதான், எங்கோ ஆழத்தில் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது.

புதுத் தாழ்ப்பாள் இறுகிச் சிக்கிக்கொண்டிருந்தது. காவலாளியிடமிருந்து திருப்புளி வாங்கி வந்து புரோக்கர் அதைக் கழற்றி முடிக்கும் வரை, மேடம் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கதவு திறந்தபோது அம்மா கழிப்பறை மூடியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலையைக்கூடக் கோதி முடித்திருந்தார்.

"வந்துட்டியா? கத்திப் பாத்தேன். கதவைத் தட்டிப் பாத்தேன். ஷவர் குழாயைக் கழட்டிச் சுவத்துலயும் அடிச்சுப் பாத்தேன். இத்தனை பெரிய கட்டடத்துல ஒரு மனுஷன் என்னன்னு கேக்கலையேடி."

"பக்கத்து வீடு, கீழ் வீடு எல்லாம் வித்தாச்சும்மா" என்றார் புரோக்கர், உரக்க. அவருக்கு அதில் பெருமைதான். "வாங்கினவங்க எல்லாம் வெளிநாட்டுல இருக்காங்க. விலை ஏறினதும் விப்பாங்க. இன்னும் யாரும் குடி வரலே. அதனாலதான் இவ்வளவு அமைதி."

மேடம் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினார். எழுப்பிய பிறகும் விடவில்லை. லிப்டில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வர்றவங்களுக்கு எல்லாம் ரெண்டு காதையும் பாக்கறேன். சுவத்துக்கு மட்டும் ஒரு பக்கம்தான் பாத்திருக்கேன்."

புரோக்கருக்குப் புரியவில்லை. "என்ன மேடம்?"

"அவங்க சத்தம் நமக்குக் கேக்குதான்னு மட்டும் பாத்துட்டேன். முதல்ல காட்டினீங்களே ஒரு வீடு, அங்க போலாம்."

"அதுவா? அங்க தையல் மிஷின் மேடம்."

"தெரியும்."

"கட்டடம் கொஞ்சம் பழசு. இது மாதிரி அதுக்கு விலை ஏறாது. நாளைக்கு விக்கணும்னா..."

"விக்கறதுக்கு வாங்கலே. இருக்கறதுக்கு வாங்கறேன்."

தடுமாற்றம் எல்லாம் எட்டாவது மாடியோடு சரி. முதல் வீடு இருந்த தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மேடம் பழைய மேடம். புரோக்கரை முன்னால் விட்டு, அம்மாவின் நடைக்குத் தன் நடையை அளந்துகொண்டு, மருந்துக் கடை, காய்கறிக் கடை, சாயங்காலம் உட்கார ஒரு பெஞ்சு என்று கண்ணாலேயே குறித்தபடி போனார். அந்தக் கட்டடத்தின் வாசலில், பலகையில் ஒட்டியிருந்த புகார்களைத் திரும்பவும் படித்தார். மூன்றாம் மாடியில் யாரோ செருப்பை நடைபாதையில் விடுகிறார்களாம். மொட்டைமாடியில் காயப்போட்ட துணி காணாமல் போய், மறுநாள் மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். "சண்டை போடறாங்க. அப்போ ஆள் இருக்காங்க" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத் தாண்டி டுகுடுகுடுகு வந்தது. இந்த முறை மேடம் கண்ணை மூடவில்லை.

"அம்மா, பாத்ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோ. தாழ்ப்பாள் போடாதே. சாத்திக்கிட்டுச் சுவத்துல தட்டு."

"மறுபடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை பாத்ரூம்டி?"

"இது ஒண்ணுதாம்மா. நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் தட்டு."

முணுமுணுத்துக்கொண்டே அம்மா உள்ளே போனார். தட்டத் தொடங்கினார். முதலில் விரல் மடக்கி, பிறகு கோபத்தில் உள்ளங்கையால். மேடம் கூடத்தில் நின்று தையல் மிஷினையே கேட்டுக்கொண்டிருந்தார். அது ஓடியது. இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகு சட்டென்று நின்றது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கதவு திறக்கும் சத்தம். இந்த வீட்டு அழைப்பு மணி அடித்தது.

கழுத்தில் அளவு நாடா தொங்க, சட்டையெல்லாம் நூல் ஒட்டியிருக்க, ஒரு பெண் வாசலில் நின்றாள். இவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பாதி உடம்பை அதற்குள் உள்ளே நுழைத்திருந்தாள்.

"யாருங்க பாத்ரூம்ல தட்டறது? யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லைங்க, சும்மா ஒரு டெஸ்டு" என்றார் புரோக்கர், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு.

"டெஸ்டா? நல்ல டெஸ்டுங்க. நான் தைக்கறதைப் பாதியிலேயே போட்டுட்டு ஓடி வர்றேன்."

அவளுக்கு உண்மையாகவே கோபம். ஆள் வந்ததோ, மணி அடித்ததோ, கூடத்தில் நடக்கும் பேச்சோ எதுவும் காதில் விழாத அம்மா, உள்ளே விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். காது மேடம் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தரையில் வைத்தார். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து, பையின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.