மருமகள் பழக்கிய தோசைக்கல்

நான் திருடினேன். என் மருமகள் சுகன்யா பழக்கிய தோசைக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு, அதே அளவில் வேறொரு கல்லை அவள் சாமான்களோடு கட்டி அனுப்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு தோசைக்கல்லுக்கு இத்தனை பீடிகையா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! ஆனால் இரும்புக்கல்லை வாங்கிய கையோடு தோசை வார்த்துவிட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்தானே? கஞ்சியில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயத்தை அரிந்து தேய்த்து... அதைப் பழக்க வேண்டும். எங்கள் குன்னூரில் அது இன்னும் பெரும்பாடு. மூடுபனி வீட்டுக்குள் நுழைந்தால், துடைத்துவைத்த இரும்பும் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். சுகன்யா ஒவ்வொரு முறையும் கல்லைக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றிவைப்பாள். அவள் இங்கே இருந்தவரை நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. பூச்சு உரிந்துபோன என் தவாவை அவள் தூக்கிப் போட்டபோது, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஆனால் அந்தக் கல்லில் அவள் வார்த்த தோசை! ஓரம் தானாக எழும்பும். என் மகன் பிரபு அடுப்படியிலேயே நின்று தின்பான். என் கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அங்கேதான்.

பிரபுவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. என்னையும் கூடவே வரச்சொல்லி இருவரும் அழைத்தார்கள், அதை மறைக்கக்கூடாது. கீழே வெயில் எனக்கு ஆகாது என்று வீம்பாக மறுத்தவள் நான்தான். மறுத்த பிறகு பயம் வந்துவிட்டது. இனி இவர்கள் எதற்காக இங்கே வருவார்கள்?

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது... அங்கே தோசை ஒட்டட்டும். இந்த ருசிக்காகவாவது அவன் மலையேறி வரட்டும்!

பஜாரில் ஒரு கல் வாங்கினேன். எண்ணெய் தடவிக் கருகக் காய்ச்சியதும் பார்வைக்குப் பழையதாகிவிட்டது. சுகன்யா துணிகளை அடுக்கிக்கொண்டிருக்க, சமையல் சாமான்களை நான் கட்டினேன். பீங்கான் கோப்பையின் அடியில் தீட்டித் தீட்டி அவள் கூர்மையாக வைத்திருந்த கத்தியை, கிழிந்த துண்டில் பத்திரமாகச் சுற்றிவைத்தேன். கல்லை மட்டும் மாற்றினேன். கத்தியிடம் காட்டிய அக்கறையை அவளிடம் காட்டக்கூடாதா நான்?

சில நாட்களில் போன் வந்தது.

"ஏனுங்க அத்தை, மாவு கல்லுல அப்படியே புடிச்சுக்குதுங்க. சொரண்டித்தான் எடுக்கறேன். இங்கத்த தண்ணி சேரலியா, என்னன்னே தெரியலீங்க."

"வெங்காயம் போட்டு நல்லாத் தேய்யி கண்ணு."

எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா!

அவளோ தன் கையையே குறை சொல்லத் தொடங்கினாள். "ஊரு மாறுனதும் அவளுக்குக் கை மறந்துருச்சும்மா" என்று பிரபு கேலி செய்தான். நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன்! பிறகு அவள் தோசைப் பேச்சையே எடுப்பதில்லை.

பொங்கலுக்கு வந்தார்கள். அவளைப் போலவே எண்ணெய் பூசிச் சுற்றிவைத்திருந்த கல்லை நான் ஒளித்துவைத்திருக்கலாம். ஆனால் அவன் தின்ன வேண்டும் என்றுதானே இத்தனையும்! நானே வார்த்தேன். "அம்மா கை அம்மா கைதான்" என்றான் பிரபு. நான் மறுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சுகன்யா கல்லைக் கழுவ எடுத்துத் திருப்பினாள். அதன் அடியில் வார்ப்பிலேயே விழுந்த சிறு பள்ளம் ஒன்று உண்டு. அதில் அவள் விரல் நின்றது. அன்றாடம் கழுவியவளுக்குத் தெரியாதா? திருப்பூர்க் கல்லில் அந்தப் பள்ளம் இல்லாதது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

பிரபு வெளியே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும்.

"கல்லு நல்லாப் பழகியிருக்குதுங்க அத்தை" என்றாள் மெதுவாக. "யாருங்க பழக்குனது?"

அந்தக் குரலில் கோபமில்லை. நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். 'நீதான் கண்ணு' என்று சொல்லியிருக்கலாம்... அவ்வளவுதானே! சொல்லியிருந்தால் அவள் என்னை மன்னித்திருப்பாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கல்லை அடுப்பில் காயவைத்தாள். எண்ணெய் பூசினாள். செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் பிரபு தனியாகத்தான் வருகிறான். அவளுக்கு லீவு இல்லை என்கிறான். போனில் அவள் பேசுகிறாள், மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். என் திருட்டை எனக்காக அவள் மறைத்துக்கொண்டிருக்கிறாள்... இதை நான் எப்படித் தாங்குவது, சொல்லுங்கள்?

போன முறை அவன் கிளம்பும்போது கல்லை அவன் பைக்குள் வைத்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"இது எதுக்கும்மா? அங்கதான் ஒண்ணு இருக்குதே?"

என் வாய் திறந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. தெரியாம வச்சுட்டேன்" என்று சொல்லி, அதை மறுபடியும் வெளியே எடுத்துக்கொண்டேன்.