யோகா அக்காவின் அப்பா ஏறிய விமானம்

யோகா அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய கிளென் வேவர்லியில் எங்கள் பக்கத்து வீடு. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதித்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதையும் கேட்டு நிற்கமாட்டார். என் வீட்டுக் கறிவேப்பிலையைக்கூட முதலில் பறித்துக்கொண்டு, அப்புறம்தான் சொல்லுவார். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒருநாள் வந்து உட்கார்ந்து, "ராதா, எனக்கு ஒரு உதவி வேணும்" என்றபோது, ஏதோ வியாதி என்று பயந்துவிட்டேன்.

வியாதி இல்லை, அப்பா விஷயம். யாழ்ப்பாணத்துத் தம்பிராசா இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்குப் போய், குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்தவர். திரும்பி வந்தபின் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் அவருக்கும் சேர்த்துத் திறந்தார்கள். பயந்து ஓடிவந்தவன், சட்டையிலிருந்த சின்னத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் அனுப்பினார்கள் என்றார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் "பிளேன் வருது, ஒளியுங்கோ" என்று சிரிப்பார்களாம். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாராம். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டலாம் என்றால் அந்த ஆட்களெல்லாம் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. தம்பிராசாவும் எண்பத்தைந்தாம் வருஷம் இறந்துவிட்டார்.

"உண்மையா ஓடினவரோ, இல்லையோ? அது தெரிஞ்சாப் போதும்" என்றார் அக்கா. வேறு நகரத்தில், செவன் ஹில்ஸில் இருக்கும் அவருடைய அண்ணன் சிறிக்கு இது பிடிக்கவில்லை. கிளறாதே என்றார். உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

இணையத்தில் தேடுவது என் வேலையாயிற்று. தம்பிராசா என்ற பெயரில் மாதக்கணக்கில் தேடினேன். அப்படி ஒரு ஆளே இல்லை. ஒருநாள் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதுதான் உறைத்தது. அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. அக்கா பெயருக்குப் பின்னால் தம்பிராசா வருவதும் அதே கதைதான். அப்படியென்றால் வெள்ளைக்காரன் அவரை அவருடைய அப்பா பெயரில் அல்லவா பதிந்திருப்பான்? இது தெரியாமல் இத்தனை நாள் கண் விழித்த என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல.

அவருடைய அப்பா பெயரான அம்பலவாணர் என்று தேடியதும் ஒரு படம் வந்தது. விமானத்தின் முன்னால் ஏழு பேர். ஓரத்தில் நின்ற ஒல்லியான கறுப்பு இளைஞனுக்கு அக்காவின் மூக்கு. படத்தைப் போட்டிருந்தவர் கிரஹாம் என்பவர். அதே விமானத்தில் பறந்த ஒருவரின் தம்பி மகன், வீடு எங்களுக்குப் பக்கத்திலேயே, த பேசின் என்ற ஊரில். எழுதினோம். வரச் சொன்னார்.

கிரஹாமுக்கு எழுபது தாண்டியிருக்கும். தேநீர் கொடுத்துவிட்டு அதே படத்தைப் பெரிதாக எடுத்து வைத்தார். இதில் உங்கள் பெரியப்பா யார் என்று அக்கா கேட்டார்.

"இதில் அவர் இல்லை" என்றார் கிரஹாம். "உங்கள் அப்பாவின் இடத்தில் கடைசியாகப் போனவர் அவர்தான்."

போருக்குப் பிறகு அந்த விமானத்தின் மெக்கானிக் ஒருவர் கிரஹாம் வீட்டுக்கே வந்து சொன்னதாம். பதினெட்டு தடவை பறந்திருந்த தம்பிராசா, அன்று சாயங்காலம் விமானத்தின் பக்கத்தில் நின்று, இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். தண்டனை என்னவென்று தெரிந்தே சொன்னார். அவருக்குப் பதிலாக கிரஹாமின் பெரியப்பா பில் என்பவரை ஏற்றினார்கள். அந்த விமானம் திரும்பவில்லை. ஏழு பேரும் போனார்கள்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். மன்னித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எதற்காக இவரை இங்கே கூட்டி வந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

கிரஹாம் தலையை அசைத்தார். "எங்கள் வீட்டில் உங்கள் அப்பாவை யாரும் கோழை என்று சொன்னதில்லை. அந்தச் சிலோன் பையன் மாதிரி நம் பில்லும் முடியாது என்று சொல்லியிருக்கக்கூடாதா என்றுதான் என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இப்படிச் சொல்கிறது. ஒன்றும் இழக்காதவர்கள் பந்தியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

காரில் ஏறியதும் அக்கா சிறிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். எதையும் மறைக்கவில்லை. "ஓம் அண்ணா, அப்பா போகமாட்டன் எண்டுதான் சொன்னவர்" என்று தொடங்கி, பில் ஏறியது, விமானம் வராதது, கிரஹாமின் அப்பா சொன்னது எல்லாம் சொன்னார். கிளறாதே என்றவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெடியனுக்கு எத்தினை வயசு?" என்று சிறி கேட்டார்.

"இருபது" என்றார் அக்கா.

அண்ணன் அழுவது எனக்கும் கேட்டது. அக்காவும் அழுதார். நான் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.