ஏறியிருக்கு

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசல் பெஞ்சில்தான் அவரைப் பார்த்தேன். அம்பாசமுத்திரத்துப் பக்கம் நெல் விவசாயம். நெடிய ஆள்; சட்டை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொளதொளத்தது. பேசும்போது வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொள்வார். கல்லீரல் கட்டியை அறுத்தெடுத்த இடம் அது. என் தம்பிக்கும் அதே ஆபரேஷன் நடந்திருந்ததால் பேச்சு எளிதாக வந்தது.

காத்திருக்கையில் பேப்பரை விரித்து, பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை மனைவிக்கு உரக்கப் படித்தார். தினமும் அதுதான் வழக்கமாம். "ரெண்டடி ஏறியிருக்கு" என்றதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

பிறகு ரத்த முடிவு வந்தது. கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தின் அளவு. ஆபரேஷனுக்குப் பின் நன்றாக இறங்கியிருந்தது, இப்போது மறுபடி பல மடங்கு மேலே போயிருந்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஏறியிருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"நல்லா ஏறியிருக்கு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டீ வாங்கப் போனாள்.

நான் தயங்கி, "அண்ணாச்சி, இது ஏறக் கூடாதுல்லா?" என்றேன்.

"பைய பேசும் வே. எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரிஞ்சது அணைக் கணக்குதான். அதுல ஏறுனா நல்லதுல்லா."

அவள் டீயோடு திரும்பி வந்தாள். "அடுத்த தடவ இன்னும் ஏறும்லா?"

"ஏறும்" என்றார், கிளாஸை வாங்கிக்கொண்டே.

அன்று அவர் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.