ஒச்சம்மாவைப் படுக்கவைத்துப் போன ஜீப்

காந்தலூருக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கற்பாதையில் ஏறினால் எங்கள் ஊர். ஜீப் ஓட்டும் அழகுமலையைப் போலப் பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்தவனை நான் அங்கே பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவனைத் திட்டத் தோன்றும்.

அவன் மனைவி ஒச்சம்மா பூண்டுக் காட்டில் ஆளுயர வரப்பிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவள். மாதாமாதம் உடுமலை ஆஸ்பத்திரிக்கு மல்லாக்கப் படுத்தபடிதான் போக வேண்டும். அழகுமலையின் ஜீப் பழையது, நீளமானது. பின்னால் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே சாக்கை விரித்து அவளைக் கிடத்துவான். எங்கள் ஊரில் நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, பிணம் எல்லோருக்கும் அந்த இடம்தான். ஒச்சம்மாவின் கால் விரல் லேசாக அசையத் தொடங்கியிருந்தது. விடாமல் வந்தால் நடந்துவிடுவாள் என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஜீப் உயரமாக இருக்க வேண்டுமாம். யானைக்கால் டயர் வேண்டுமாம். நின்றபடி படம் எடுக்கக் கம்பிக் கூண்டு வேண்டுமாம். பழைய ஜீப்பை எவனும் சீந்தவில்லை. சவாரி இல்லாமல் மருந்துக்கு அவன் எங்கே போவான்? உடுமலையில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்துவிட்டு, அப்படி மாற்றிக் கட்டிய, நீளம் குறைந்த ஜீப்பை எடுத்து வந்தான். அதன் பின்பக்கம் ஓர் ஆடுகூடப் படுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். ஒச்சம்மாவுக்குப் பக்கத்து வீட்டு மத்தியாஸின் ஜீப்பைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

ஆஸ்பத்திரி நாள் வந்ததும் போய்க் கேட்டான்.

"நானும் குடுத்துட்டேனேண்ணே," என்றான் மத்தியாஸ். "அவசரத்துக்கு ஒங்க வண்டி இருக்குன்னு நம்பித்தான் புது வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தேன்."

ஊர் முழுக்க இதே கதை. அந்த ஒரு சீசனுக்குள் அத்தனை பேரும் அடுத்தவன் வண்டியை நம்பித் தன் வண்டியைக் கொடுத்திருந்தார்கள். புத்திசாலிகள்!

அழகுமலை உடுமலைக் கடைக்கு ஓடினான். "இத எடுத்துக்கங்கய்யா, எம் பழைய வண்டியக் குடுத்துருங்க."

"அண்ணா, நீங்க உட்டுட்டுப் போன அன்னைக்கே பின்னாடி அறுத்துப்போட்டமுங்க," என்றார் கடைக்காரர். "அதையும் இதாட்டமேதானுங்க கட்டறோம்."

கீழே வேறு வண்டி பிடிக்கலாம் என்று, ஒச்சம்மாவைக் கட்டிலோடு பஸ் நிறுத்தம்வரை தூக்கிப்போக நாங்கள் முயன்றோம். முதல் வளைவிலேயே ஒருவனுக்குக் கல் சறுக்கிக் கட்டில் சாய்ந்தது. அவள் வலியில் கூச்சல் போட்டாள். திரும்பிவிட்டோம். அதன்பின் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எப்பய்யா ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று அவனைக் கேட்டாள்.

"மழையில பாதை அத்துப்போச்சு தாயி. சரியாகட்டும்."

வெளியே சுற்றுலா ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஹாரனும் சிரிப்பும் அவள் படுக்கைவரை கேட்டன.

"சரிய்யா," என்றாள் ஒச்சம்மா. "சவாரிக்கு நேரமாச்சு, நீ கெளம்பு."