புது ஹப்புக்கு எட்டாத கம்பிகள்

பிள்ளைகளே, நான் இப்போது பார்க்கும் செக்யூரிட்டி வேலை, முதல் நாளுக்கு முன்பே கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. சீனப் பெருநாளின் இரண்டாம் நாள் அது. நீங்கள் இருவரும் தஞ்சோங் மாலிமில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாது.

சர்க்கரை என் இடது கண்ணைத் தின்ற பிறகு லாரி லைசென்ஸ் போயிற்று. மோட்டாரும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஓய்வு எடுக்கிறேன் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். போய்க் கேட்ட இடத்தில் எல்லாம் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

பெருநாளுக்கு ஆள் பற்றாக்குறை வந்ததால் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். வளாகம் பெரியது. வேலிக்கு உள்ளே மணிக்கு ஒரு தடவை சைக்கிளில் சுற்றி வர வேண்டும். சைக்கிள் நம்முடையதாக இருக்க வேண்டும். சூப்பர்வைசர் போனில் தெளிவாகச் சொன்னார்: “மூணாம் நாள் காலைல ஆறு மணிக்கு சைக்கிளோட கேட்ல நிக்கணும்ணே. சைக்கிள் இல்லாம வந்தா சும்மா திரும்பிப் போக வேண்டியதுதான். வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான்லா.”

பழைய இரும்புக் கடையில் வாங்கிய சைக்கிள் வீட்டில் இருந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் அதை ஓட்டிப் பார்த்தபோது பின்சக்கரம் ஆடியது. இறங்கிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் ஹப்பில், கம்பிகளை மாட்டும் வட்டமான காது விரிந்து பிளந்திருந்தது. மூன்று கம்பிகள் தொளதொளவென்று தொங்கின.

சிலிபினில் நமக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்கு ஓடினேன். கடைக்காரத் தௌக்கே பாதிக் கதவை இறக்கிவிட்டிருந்தார்.

“தாக் போலேலா அண்ணே, முடியாது. பினாங்கு போணும். பொண்டாட்டி கார்ல ஏறிட்டா,” என்றார். “ஹப் இருக்கு, எடுத்துட்டுப் போ. நீயே கட்டு. இல்லன்னா ஆறாம் நாள் வா.”

நான் ஹப்பைக் கையில் வாங்கி ஓட்டைகளை எண்ணினேன். முப்பத்தாறு. என் பழைய ஹப்பிலும் முப்பத்தாறு. அது போதும் என்று நினைத்தேன். எண்ணினேனே தவிர, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சக்கரம் கட்ட எனக்குத் தெரியும். ரப்பர் எஸ்டேட்டில் மரத்தில் பால் எடுப்பவர்கள் எல்லாரும் சைக்கிளில்தான் வாளி ஏற்றிக் கொண்டு ஸ்டோருக்குப் போவார்கள். வாரம் ஒரு சக்கரமாவது உடையும். வீட்டுக்கு வீடு சக்கரம் கட்டுவார்கள், நானும் பதினைந்து வயதில் கட்டினேன். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டாயம் உண்டு: ஒவ்வொரு கம்பியும் ஹப்பிலிருந்து கிளம்பி, வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடந்துதான் வெளி வளையமான ரிம்முக்குப் போக வேண்டும். அப்போதுதான் பால் பாரம் தாங்கும். இரண்டை மட்டும் கடந்தால், “என்ன, சின்னப் புள்ள சைக்கிளா?” என்று லயத்து வீடுகள் எல்லாமே சிரிக்கும்.

கட்ட ஒரு நாள் போதும் என்று பெருநாளன்று சைக்கிளைத் தொடவில்லை. இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு ஃபிளாட் நடைபாதையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். கம்பிகளைக் கழற்றித் துடைத்து, புது ஹப்பில் மாட்டி, மூன்று குறுக்காகவே பின்னினேன். பத்து மணிக்கு, கம்பி முனையைப் பிடிக்கும் சின்னத் திருகாணிகளைப் போட ஆரம்பித்தேன். அதற்கு நிப்பிள் என்று பெயர். எட்டு நிப்பிள் பிடித்தது. ஒன்பதாவது கம்பி எட்டவில்லை. பத்தாவதும் எட்டவில்லை. ஒரு நெல் நீளம் குறைந்தது.

பின்னலில் எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கழற்றினேன். மறுபடி ஒவ்வொன்றாக எண்ணிப் பின்னினேன். அதே கம்பிகள், அதே குறை. அப்போதுதான் பழைய ஹப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழையதன் காது அகலம். புதியதன் காது சின்னது. காது சின்னதானால் கம்பி ரிம்முக்குப் போகிற தூரம் கூடுகிறது. நீளமான கம்பி வேண்டும். ஈப்போ முழுவதும் சைக்கிள் கடைகள் சாத்திக் கிடந்தன.

கீழ் வீட்டுக்காரரிடம் போய் ஒரு நாளைக்குச் சைக்கிள் கேட்டேன்.

“மச்சான், என் மவளோடதுதான் இருக்கு. பிங்க் கலரு. முன்னாடி கூடை, பின்னாடி ரிப்பன். எடுத்துட்டுப் போங்க, திருடன் சிரிச்சே செத்துருவான்,” என்றார்.

அவர் நல்லவர்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைக்கிளில் என் முழங்கால் முகவாயில் இடிக்கும்.

திரும்பி வந்து குறடால் கம்பிகளை இழுத்து நிப்பிளில் திணிக்கப் பார்த்தேன். ஒரு நிப்பிளின் தலை பிய்ந்து விரலைக் கிழித்தது. சர்க்கரைக்காரன் விரல், ரத்தம் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். உங்கள் அப்பா அழுவார் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நாளை காலை ஆறு மணிக்கு அந்த கேட்டில் வேறொருவன் சைக்கிளோடு நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எந்த கேட்டுக்குப் போவேன் என்பதுதான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு உங்கள் அம்மா ரெஸ்டோரானில் மங்கு, தட்டு கழுவிவிட்டு வந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். முதலில் துணியைச் சுற்றினாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள்.

“இன்னுமா கட்டுறீங்க?”

“கம்பி எட்டலடி. காது சின்னதா இருக்கு.”

“அப்ப ஏன் இப்படி சுத்தி சுத்தி பின்னி வச்சிருக்கீங்க? நேரா விட்டா எட்டாதா?”

“மூணு குறுக்கு இல்லாம எப்படி? பாரம் தாங்காது.”

“பாரமா? நாளைக்கு அந்த கேட்ல பால் வாளியா ஏத்தப் போறீங்க?” என்றாள். பிறகு என் வயிற்றைப் பார்த்து, “ரெண்டு வாளி இங்கயே இருக்கு, அத மறந்துட்டேன்,” என்றாள்.

அவளும் எஸ்டேட்காரிதான். கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றைக் கடக்கும் கம்பி சாய்ந்து சாய்ந்து போகிறது, அதற்குத் தூரம் அதிகம். இரண்டை மட்டும் கடந்தால் கொஞ்சம் நேராகப் போகும், தூரம் குறையும். காலை எட்டு மணியிலிருந்து இது என் கண் முன்னால்தான் இருந்தது. எஸ்டேட் போய், பால் போய், வாளி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் மட்டும் இல்லாத பாரத்துக்குச் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறையாகக் கழற்றினேன். இரண்டு குறுக்காகப் பின்னினேன். முப்பத்தாறு கம்பியும் எட்டின. பிய்ந்த நிப்பிளுக்குப் பதிலாக பஞ்சர் ஒட்டும் ரப்பர் டப்பாவில் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது, அதைப் போட்டேன்.

இனிக் கோட்டம் எடுக்க வேண்டும். ரிம் சுழலும்போது இடமும் வலமும் நெளியாமல் நடுவில் ஓட வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துச் சக்கரத்தை மாட்டிச் சுற்றினேன். என் கண்ணுக்கு நெளிவு மங்கலாகத்தான் தெரிந்தது. அதனால், இறைச்சி குத்திச் சுடும் ஒரு சாத்தே குச்சியைச் சட்டத்தில் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு மயிரிழை தள்ளி நிறுத்தினேன். நெளிவு வரும் இடத்தில் குச்சி டிக் என்று தட்டும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை அரைச்சுற்று முறுக்கி, தட்டிய பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவேன். எதிர் வீட்டில் பட்டாசு வெடித்தால் டிக் கேட்காது. சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும் வரை காத்திருப்பேன். ஓர் இடம் சரியானால் இன்னோர் இடம் தட்டும். மசூதியில் அந்திப் பாங்கு சொன்னபோது டிக் இரண்டே இடத்தில் கேட்டது. அதற்கு மேல் என் விரல் மடங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஏறி உட்கார்ந்தேன். முதல் மிதியிலேயே கம்பிகள் பட் பட் என்று ஒலித்தன. உடைகிறது என்று நினைத்து உயிரே போயிற்று. இறங்கித் தடவினேன். ஒன்றும் உடையவில்லை. புதிதாகக் கட்டிய சக்கரத்தில் கம்பிகள் தங்கள் இடத்தில் படிகிற சத்தம் அது. ஜெலாப்பாங் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஐந்தே முக்காலுக்கு கேட்டில் நின்றேன். சூப்பர்வைசர் என் கண்ணைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், உள்ளே கையைக் காட்டினார்.

நான்காவது சுற்றில் கம்பிகள் தளர்ந்து, ரிம் போய்ப் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. வேலி ஓரத்தில் யாரும் பார்க்காத இடத்தில் பின் பிரேக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மீதிச் சுற்றுகளை முன் பிரேக்கோடு, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முடித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, மறுநாள் டியூட்டித் தாளில் என் பெயரை எழுதிக்கொண்டே சூப்பர்வைசர் கேட்டார்: “ஏண்ணே, செருப்பு ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?”

“பழசு தம்பி,” என்றேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சாத்தே குச்சியை மறுபடி கட்டினேன்.