மெக்சிக்கோவில் கை நனைச்ச கதை

எனக்கு வயது எழுபத்துநாலு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். வரட்டும். லண்டன் கிங்ஸ்பரியில் மழை பெய்கிறது, எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

ஆறில் ஐந்து பேரை நான் பேசித்தான் கட்டிக்கொடுத்தேன். கடைக்குட்டி மட்டும் முப்பத்துநாலு வயது வரைக்கும் வேலை, வேலை என்று திரிந்தாள். பிறகு ஒருநாள், தன்னோடு ஒபீசில் வேலை செய்கிற இத்தாலிப் பெடியன் ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்றாள். அவன் ஒருமுறை அவளைக் காரில் ஏற்ற எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றான். நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

அவனுடைய தகப்பன் இத்தாலியில் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தியே மெக்சிக்கோவுக்குப் போய், கடற்கரை ஊரொன்றில் இத்தாலிச் சாப்பாட்டுக்கடை போட்டுவிட்டார். அங்கே தன்னோடு வரச்சொல்லி மகள் என்னைக் கேட்டாள்.

மூத்தவன் பகிடி பண்ணினான். "லண்டனில இல்லாத இத்தாலிக் கடையோ? அதுக்கு மெக்சிக்கோ வரைக்கும் போகோணுமோ?" பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "போய்ப் பாத்திட்டு வாங்கோ அம்மா. கை மட்டும் நனைச்சிடாதேங்கோ" என்றான்.

சம்பந்தம் பேசப்போன வீட்டில் எல்லாம் சரிவரும் வரைக்கும் ஒரு வாய் சாப்பிடமாட்டோம். சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன் சொல்லுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

கடைக்குட்டிக்கும் இது தெரியும். ஹீத்ரோவில் வரிசையில் நிற்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கள் கை நனைக்காட்டி நான் அவரைக் கட்டமாட்டன். ஆனால் பிறகு வேற மாப்பிள்ளை எண்டு ஒருத்தற்ர படத்தையும் என்னட்டைக் காட்டாதேங்கோ."

எனக்கு அந்த நேரம் என்னுடைய தண்ணிப் போத்தலைப் பறித்த காவல்காரனோடு சண்டை பிடிக்கவேண்டி இருந்தது.

மெக்சிக்கோ! இறங்கின உடனே வெயில் முகத்தில் பளீரென்று அடித்தது. லண்டனில் மாதக்கணக்காய்ப் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தேன். கடல் நீலமும் பச்சையுமாய்க் கிடந்தது. பை மாதிரிச் சொண்டு தொங்குகிற பெரிய பறவைகள் மேலே இருந்து தலைகீழாய் விழுந்து மீன் பிடித்தன. ஒவ்வொன்று விழும்போதும் நான் "ஐயோ!" என்று கத்தினேன். மணலில் ஒருத்தி மாங்காயைப் பூப்போல வெட்டி, தடியில் குத்தி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றாள். ஒன்று வாங்கித் தின்றேன். இன்னொன்றும் வாங்கினேன்.

"கை நனைக்கமாட்டன் எண்டனீங்கள்?" என்றாள் மகள்.

"மாங்காய்க்காரி எனக்குச் சம்பந்தியோ?"

இரண்டு நாள் கழிய மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எனக்குப் பெரிய நிம்மதி. வெள்ளியில் நான் மீன், இறைச்சி ஒரு மச்சமும் தொடமாட்டேன், மச்சம் சமைத்த சட்டியில் ஆக்கிய மரக்கறியும் சாப்பிடமாட்டேன். கடற்கரைக் கடையில் மீன் படாத சட்டி எங்கே இருக்கப்போகிறது? ஒருத்தரையும் நோகடிக்காமல் தப்பிவிடலாம். லண்டனில் இருந்து கொண்டுபோன தட்டைவடையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைக்கு ஓலைக்கூரை, மணலிலேயே மேசைகள். தகப்பன் வெள்ளை மீசையும் பெரிய வயிறுமாய் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். மனைவி செத்து நாலு வருஷமாம். கடையே அவர் சத்தத்தில்தான் நடந்தது. அடுப்படிக்குள் ஒரு பாஷையில் கத்தினார், சாப்பிடுகிறவர்களோடு இன்னொரு பாஷையில் சிரித்தார்.

நானும் மகளும், எங்களுக்கு முந்தியே அங்கே வந்திருந்த பெடியனும், தகப்பனுமாய் நாலு பேரும் இருந்தோம். தகப்பன் பாண் துண்டுகளும் தக்காளியும் கொண்டுவந்து வைத்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லு பிள்ளை," என்றேன் மகளிடம். "இண்டைக்கு வெள்ளி. மச்சம் புழங்கின சட்டியில ஆக்கினது எனக்கு ஏலாது. குறை நினைக்கவேண்டாமாம் எண்டு சொல்லு."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு இங்கிலீசில் சொன்னாள். தகப்பன் மேசையில் தட்டிச் சிரித்துவிட்டு எழும்பி உள்ளே ஓடினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டிக்குள் கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட பாஸ்டாவில் ஆவி பறந்தது. என் தலைக்கு மேலே அதை உயர்த்தி அடியைக் காட்டினார். சட்டி விற்ற கடையில் ஒட்டிய விலை ஸ்டிக்கர், ஓரம் கருகி, இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"புதுச்சட்டி அம்மா," என்றாள் மகள். "நேற்று ரவுணுக்குப் போய் வாங்கினவராம். அகப்பையும் புதுசாம். நான் சொல்லேல்லை, சத்தியமாய்ச் சொல்லேல்லை."

தகப்பனுக்குப் பெடியன்தான் சொன்னவன். அன்றைக்கு எங்கள் குசினி வாசலில் நின்றபோது, பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியாய்த் தொங்கிய என் வெள்ளிக்கிழமைச் சட்டியைக் கண்டிருக்கிறான். பிறகு ஒபீசில் மகளிடம் அது என்னத்துக்கு என்று கேட்டிருக்கிறான். தான் சொன்னதை அவள் மறந்துவிட்டாள், அவன் மறக்கவில்லை. தேத்தண்ணி கிடைக்காமல் போன பெடியன்!

ஐந்து சம்பந்தம் செய்தவள் நான். எல்லாம் எங்கள் ஆக்கள், எல்லாம் நல்ல குடும்பம். அந்த ஐந்து வீட்டில் ஒரு வீட்டிலும் என்னுடைய வெள்ளிக்கிழமைக்கு ஒருத்தரும் சட்டி வாங்கினதில்லை.

சொல்ல வைத்திருந்த சாட்டும் போய்விட்டது. இனி வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மகள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடியன் பாஸ்டா போட்ட சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் நகர்த்தி, எங்கேயோ பழகின தமிழில், "அம்மா, சாப்பிடுங்கோ" என்றான்.

"கை கழுவத் தண்ணி எங்கை?" என்று கேட்டேன்.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கழுவிக்கொண்டு வந்து, கையாலேயே அள்ளினேன். பாஸ்டா பொல்லாத சாமான், விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. ஆனால் அந்தக் கத்தரிக்காய்! எண்ணெயில் பதமாய் வதங்கி, வாயில் வைக்கக் கரைந்தது. உறைப்புத்தான் இல்லை. கைப்பையில் இருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துத் தாராளமாய்த் தூவினேன். தகப்பன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"என்னவாம்?"

"தன்ர தாய் பாத்தால் செத்திடுவாவாம்," என்று மகள் சிரித்தாள். கண்ணில் தண்ணி வழிந்துகொண்டிருந்தது.

"அந்த மனுசிக்கும் ஒரு போத்தல் அனுப்பிவிடுறன் எண்டு சொல்லு."

அவர் என் கோப்பையில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்து, இருமி, தண்ணி குடித்து, பிறகு போத்தலைத் தன் பக்கம் இழுத்தார். நான் தட்டைவடையை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வெயிலும் கடலும் அந்த மனுசனின் சத்தமும், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. என் கலியாணத்தன்றுகூட அப்படி அடித்ததாய் ஞாபகம் இல்லை.

கடையிலிருந்தே மூத்தவனுக்குப் போன் எடுத்தோம்.

"கை நனைச்சிட்டீங்களோ?"

"ஓமடா. முழங்கை வரைக்கும்."

போனை வைத்துவிட்டான்.

திரும்பி வந்து மூன்று மாதம். ஆவணியில் கலியாணம், ஈலிங்கில் கோயிலுக்கும் சொல்லியாகிவிட்டது. தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவன் மூத்தவன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது, ஏன் சாப்பிட்டேன் என்று இன்றுவரைக்கும் அவன் கேட்கவில்லை. கேட்காதவனுக்கு எப்படி வாயால் சொல்கிறது? அதுதான் இருந்து எழுதினேன்.

அவனுடைய மகள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறவள், நல்லாய் வாசிப்பாள். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். அவன் குசினிக்குள் தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணி பிடிக்கிறான்.

இந்தா பிள்ளை, முதலில இருந்து வாசி. அந்த ஸ்டிக்கர் வாற இடத்தை ஆறுதலாய் வாசி. சத்தமாய் அம்மா, இன்னும் சத்தமாய்.