தண்ணி குடிக்காத சுவரு

அதான் சொல்றேன் லட்சுமி, பாத்ரூம்ல ஹாலோ பிளாக் சுவரு நல்லா கிண்ணுனு நிக்குது, அது மேல மேஸ்திரி இன்னொரு சுவர ஒட்டறான்! பலகையாட்டம் இருக்குது. தூக்கிப் பாத்தா அப்பளக் கட்டு கனம்கூட இல்ல. டிவி பொட்டிக்குள்ள வெச்சு வருமே தெர்மாகோல், நடுவுல அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் சிமிட்டி பூசியிருக்கு. "எதுக்குடா இது?"ன்னு எம்மவன் முருகேசனக் கேட்டா, "சுவத்துக்கு ரெயின்கோட்டும்மா"ங்கறான். வூட்டுக்குள்ள எங்கடா மழ பெய்யுது? ஒண்ணும் புரியல. ஆனா வேடிக்க பாக்க நல்லாருந்துச்சு, சேரப் போட்டு உக்காந்துட்டேன்.

பாத்ரூம் படி தடுக்கி வுழுந்தேன்ல? அதுலருந்து நான் குளிக்கறப்ப மருமவ செல்வியும் உள்ளயே நிக்கறா. நல்ல புள்ள, முதுகு தேச்சு விடறா. ஆனா எத்தினி நாளைக்குக் கொழந்தையாட்டம் அவ முன்னால நிக்கறது? வெக்கம் புடுங்குது. "நான் சிங்காரப்பேட்டைக்கே போறேன்டா, அங்க கதவச் சாத்திக்கிட்டு நானே ஊத்திக்குவேன்"னேன். "அங்க யாரும்மா இருக்கா?"ன்னான். "கெணறு இருக்குது"ன்னேன். அதுக்குத்தான் படியே இல்லாம, தண்ணி தரையிலயே வழிஞ்சு ஓடறாப்பல கட்டித் தரேன், இரும்மான்னான். கதவ நானே சாத்திக்கலாம். எனக்கு அது போதும்.

மேஸ்திரி மஞ்சு அத்திப்பள்ளிக்காரன். பாதி கன்னடம், பாதி தமிழு. "சாப்டியாப்பா?"ன்னா "ஆய்த்து அஜ்ஜி"ங்கறான், அஜ்ஜின்னா பாட்டியாம். வேலதான் ஆயிடுச்சோன்னு எட்டிப் பாத்தா, அப்பத்தான் பையத் தொறக்கறான்! பலகைய கம்மு தடவி ஒட்டினான், ஓட்ட போட்டு, வட்டத் தகடு வெச்சு ஸ்க்ரூ முறுக்குனான். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு வல நாடா, அதுக்கு மேல நீலமா ஒரு பூச்சு. சாயங்காலம் போறப்ப, "கை வெக்காதே அஜ்ஜி"ன்னுட்டுப் போனான்.

நான் எங்க கை வெச்சேன்? ஆனா புதுச் சுவரு இல்லியா? எங்க சிங்காரப்பேட்ட வூடு பூசினப்ப, இதே முருகேசன இடுப்புல வெச்சுக்கிட்டு, கெணத்துல மொண்டு மொண்டு காலையிலயும் சாயங்காலமும் சுவத்துக்குத் தண்ணி காட்டுவேன், மாட்டுக்குக் காட்டறாப்பல. சுவரு சொர்ருனு உறிஞ்சும். "குடிக்காத சுவரு வெடிச்சுப் போவும்டி"ன்னு எம்மாமியா கூடவே நிக்கும். இங்க இதுக்கு ஒருத்தரும் சொட்டுத் தண்ணி காட்டல. மறந்துட்டான் போலன்னு சொம்புல மொண்டு அடிச்சேன். குடிக்கவே இல்ல லட்சுமி, ராங்கி புடிச்ச சுவரு! இன்னும் நாலு சொம்பு அடிச்சேன். பூச்செல்லாம் நீல மோராட்டம் தரையில வந்து நின்னுச்சு.

காலையில மஞ்சு வந்து தலையில கைய வெச்சுக்கிட்டான். "கை வெக்கலப்பா, சொம்புதான்"னேன். செல்வி சிரிச்சு சிரிச்சு கீழயே உக்காந்துட்டா. முருகேசன் சிரிக்கல. "அந்தப் பலகைச் சந்துல தண்ணி எறங்குனா பின்னாடி சுவரே ஊறிப் போயிடும்மா"ன்னான். "அப்ப என் குளிக்கற ரூம்பு போச்சாடா?"ன்னேன். மஞ்சு பாவம், எல்லாத்தயும் சொரண்டி, ஃபேன் வெச்சுக் காய வெச்சு, மறுபடி பூசினான். இந்த வாட்டி செல்வி தன் சேல ஒண்ண பாத்ரூம் வாசலுக்குக் குறுக்கால கட்டிட்டா, நான் போவக் கூடாதாம்!

இன்னிக்குப் பாரு, மஞ்சுவே அந்தச் சேலைய அவுத்துட்டு, தண்ணி போற ஓட்டயில துணிய அடச்சு, எங்கையில பக்கெட்டக் குடுத்து, "ஊத்து அஜ்ஜி"ங்கறான். அன்னிக்கு ஊத்துனா தப்பு, இன்னிக்கு ஊத்தணுமாம்! "தண்ணி கசியுதான்னு டெஸ்ட்டும்மா, பயப்படாம ஊத்து"ன்னான் முருகேசன். ஆச தீர ஊத்தினேன். ரொம்ப நேரம் தேங்க விட்டு, அந்தாண்ட சமையக்கட்டுப் பக்கம் போயி சுவரத் தடவிப் பாத்தோம். மாவாட்டம் காஞ்சு கெடக்குது! மஞ்சு சிரிச்சான், எனக்கும் சந்தோசம் தாங்கல.

நீயும் திருநெல்வேலிய வுட்டுட்டு வந்தவ, உனக்குச் சொன்னா வெளங்கும். அங்க சுவரு குடிச்சாத்தான் நிக்கும், இங்க குடிக்காமத்தான் நிக்கணும். நாளைக்கு டைல்ஸு. அப்புறம் நானே கதவச் சாத்தி, நானே ஊத்திக்குவேன். சரி, இதுக்குத்தானே ஊருக்குப் போறேன், போறேன்னேன்? இனிமே போவணும்னா இவன்கிட்ட என்னத்தச் சொல்லிக் கெளம்பறது?

ஐயையோ, மோட்டாரு! போட்டது மறந்தே போச்சு, டேங்கு ரொம்பி உங்க பக்கத்துச் சுவத்துல ஊத்துது. இரு, அமத்திட்டு வரேன். அந்தச் சுவரப் பாரேன் லட்சுமி, எப்படிக் குடிக்குது!